துப்பாக்கிக்கு ஒரு பீரோ... தோட்டாவுக்கு ரெண்டு பூட்டு!

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னால் ஆபீஸில் யாரும் நம்புவதில்லை. போடி பக்கம் மலையடிவாரத்தில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் போடுகிறவர் அவர். காட்டுப்பன்றிகளை வெடிச்சத்தத்தில் விரட்ட, பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். முடிந்ததும் போய் எடுத்துவருவார். மற்ற நாளெல்லாம் அது உள் அறைச் சுவரில் இரண்டு ஆணிகளில் கிடக்கும். தோட்டாக்கள் பக்கத்து மாடத்தில்.

பொங்கலுக்குப் போனபோது பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, அதைப் பீரோவுக்குள்ள வைக்க ஒரு வழி பண்ணிக் குடு." அக்கா மகனுக்கு ஐந்து வயது, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிலும் ஏறுகிறான். அது ஒரு காரணம். இன்னொன்றை அவர் சொல்லவில்லை. பன்றிகள் மக்காச்சோளத்தை அழித்ததிலிருந்து பெரியப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரியெல்லாம் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆயுதத்தைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது உரிமதாரரின் பொறுப்பு என்கின்றன 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள். யூடியூபில் தேடினால் அமெரிக்கர்கள் பத்துப் பதினைந்து துப்பாக்கிகளை அடுக்கும் பெட்டகங்களைத்தான் காட்டுகிறார்கள். நம் ஊரில் சாதாரண உரிமதாரர் அதிகபட்சம் இரண்டுதான் வைத்திருக்கலாம் என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. எங்களுக்கு ஒன்றுக்கு இடம் போதும். காலியாகக் கிடந்த ஆறரை அடி ஸ்டீல் பீரோவைத் துடைத்தோம். தச்சர் வந்தார்.

முதலில் பெரியப்பாவே துப்பாக்கியை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் காட்டினார். பிறகுதான் அளவெடுத்தோம். நீளம் நான்கு அடி சொச்சம். இடது பக்கம் தட்டுகளைக் கழற்றிவிட்டு, நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்தோம். கீழே கட்டை நிற்க ஒரு பள்ளம். மேலே குழல் சாய, அரைவட்டமாக வெட்டிய மரச்சட்டம். உரசாமலிருக்க அதன்மேல் கம்பளித் துணி. ஸ்பாஞ்ச் வேண்டாம் என்றார் தச்சர். அது ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் துருவாக்கிவிடும். தோலுறையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தாலும் அதே கதிதான். மழைக்காலத்துக்காக சிலிக்கா ஜெல் டப்பா ஒன்று. மணிகளின் நிறம் மாறினால் புதிதாக வைக்க வேண்டும். உரிமப் புத்தகத்துக்கும் ரசீதுகளுக்கும் ஒரு டிராயர். பீரோவையே யாரும் தூக்கிப் போய்விடாதபடி, பின்பக்கம் துளையிட்டுச் சுவரோடு ஆங்கர் போல்ட் அடித்தோம்.

கடைசியாக, தோட்டாக்கள். பீரோவுக்குள் இருக்கும் சின்ன லாக்கர்தான் அதற்கு. வெல்டிங் பட்டறைக்காரரிடம் சொல்லி, லாக்கர் கதவில் ஒரு கொண்டி வைத்து இரண்டாவது பூட்டுப் போட்டோம். பீரோ சாவியும் லாக்கர் சாவியும் பெரியப்பாவிடம், கொண்டிப் பூட்டின் சாவி பெரியம்மாவிடம். பேங்க் லாக்கர் மாதிரி, ஒருவர் இல்லாமல் இன்னொருவர் திறக்க முடியாது.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏன், என் மேல நம்பிக்கையில்லையா?" என்றார்.

"பேரன் மேல இல்ல" என்றார் பெரியம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

பெரியப்பா புதுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சாவியைக் கழற்றி, அவரே பெரியம்மாவின் கையில் வைத்தார்.

பூட்டு மனசைச் சரிசெய்யாது. அடுத்த வாரமே அண்ணன் அவரை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். உங்கள் வீட்டில் இப்படி யாராவது ஒடுங்கிப்போய் இருந்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். ஆனால், மனசு தேறுவதற்கு நாள் பிடிக்கும். அதுவரை ஆபத்தான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. அந்தத் தூரத்தைத்தான் பிளைவுட்டும் ஒரு கொண்டியும் கொடுத்தன.

இப்போது ராத்திரி பன்றி விரட்டப் போக வேண்டுமென்றால், பெரியப்பா பெரியம்மாவை எழுப்பியே ஆக வேண்டும். "தூக்கம் கெடுதா பெரியம்மா?" என்று போனில் கேட்டேன்.

"கெட்டா கெட்டுட்டுப் போகுது. எழுப்புறாருல்ல, அது போதும்" என்றார்.