நடுக்கடலில் முழு சிக்னல்

சிங்கப்பூர் மரீனா பே கப்பல் முனையத்தில் பெட்டிகளை ஒப்படைக்கும் வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் நின்றது ஒரு கோவைக் குடும்பம். ஆளுக்கொரு போன், எல்லாவற்றிலும் ஊரிலிருந்தே போட்டுவந்த ரோமிங் பேக். “சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூணும் இதுல வந்துருதுங்க. அப்புறம் என்னங்க?” என்றார் குடும்பத்தலைவர். பேக்கின் விவரத்தை அவர் போனிலேயே கீழே தள்ளிப் பார்த்தோம். நாடுகள் மூன்றும் இருந்தன. அடியில் சிறிய எழுத்தில், கப்பலிலும் விமானத்திலும் இது செல்லாது என்று போட்டிருந்தது.

கப்பல் பயணத்தில் பணம் கரைவது அந்தச் சிறிய எழுத்தில்தான். பெரிய பயணக் கப்பல்கள் தமக்குள்ளேயே ஒரு செல்போன் வலையமைப்பை வைத்திருக்கின்றன. துறைமுகத்தில் அதை அணைத்து வைத்திருப்பார்கள். கரையிலிருந்து விலகியதும், பொதுவாக 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டியதும், இயக்கிவிடுவார்கள். ரோமிங் திறந்திருக்கும் போன், இதையும் இன்னொரு நாட்டுக் கோபுரம் என்று எண்ணித் தானாகவே ஒட்டிக்கொள்ளும். கட்டணம் ஜிபி கணக்கில் இல்லை, எம்பி கணக்கில். நாம் தூங்கும்போது, பகலில் எடுத்த படங்களைப் போன் பாட்டுக்கு மேலேற்றிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவில் ஒரு நாட்டு சிம்மை மற்ற நாடுகளில் கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாக ஓடும் கப்பல் வலையமைப்புக்கு அந்த விதிகூடப் பொருந்தாது.

மாலையில் கப்பல் நகர்ந்ததும் மேல்தளத்துக்குப் போனேன். நான் போட்டிருந்தது தென்கிழக்கு ஆசியாவுக்கான பிராந்திய இ-சிம். பத்துப் பதினைந்து டாலருக்குள் நாலைந்து ஜிபி கிடைக்கும் வகை. சிங்கப்பூர் நீரிணை குறுகலானது. எதிர்க்கரையில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. கட்டடங்களின் விளக்குகள் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே, போனில் சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயர் மறைந்து ‘டெல்கோம்செல்’ என்ற இந்தோனேசிய நிறுவனத்தின் பெயர் வந்தது. கப்பல் நிற்காத நாட்டில் போன் போய் நின்றுவிட்டது! சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மட்டும் உள்ள இ-சிம் இந்த இடத்தில் உதவாது. இந்தோனேசியாவும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. மேல்தளத்தில் ஓடிக்கொண்டிருந்த வீடியோ அழைப்பு, படியிறங்கி அறைக்குள் நுழைந்ததும் அறுந்தது. கப்பலின் இரும்புச் சுவர்களைத் தாண்டி கரைக் கோபுரத்தின் அலை உள்ளே வருவது அபூர்வம்.

அறைக்குள் சிக்னல் இல்லாமல் இருந்த அதே போனில், இரவு வெகுநேரம் கழித்து முழுக் கோடுகள் எழுந்து நின்றன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 901-18 என்ற எண். 901 எந்த நாட்டுக்கும் உரியதல்ல; கடல், செயற்கைக்கோள் போன்ற பன்னாட்டு வலையமைப்புகளுக்கு ஒதுக்கிய குறியீடு. இந்த எண்ணையோ ‘செல்லுலார் அட் சீ’ என்ற பெயரையோ பார்த்தால், அது கப்பலின் வலையமைப்பு; உடனே ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். முழு சிக்னலைப் பார்த்ததும் ஊருக்கு ஒரு போன் போட்டுவிடலாம் என்றுதான் கை பரபரக்கும். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், கப்பல் கிளம்பும் முன்பே அவர்கள் போனையும் வாங்கி ஏரோபிளேன் மோடைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கப்பலின் வைஃபை மலிவல்ல. ஒரு கருவிக்கு நாளொன்றுக்கு 20 டாலரோ அதற்கு மேலோ ஆகும். ஆனால் தரம் மாறிவிட்டது. முன்பு 35,786 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பிய சமிக்ஞை, இப்போது சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வழியாக வருகிறது. ராயல் கரீபியன் 2022இல் தன் கப்பல்களுக்கு இதை அறிவித்தது, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். வாட்ஸ்அப் அழைப்பு தடுமாறாமல் பேச முடிகிறது. ஏறுவதற்கு முன்பே இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும். வீட்டுக்கு ஒரு கருவிக்கான பேக் வாங்கி, ஒருவர் வெளியேறிய பின் அடுத்தவர் நுழைந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் பல கப்பல்கள் விடுகின்றன. கோவைக் குடும்பத்துக்கு நான் சொன்னது இதைத்தான். கப்பலின் சொந்தச் செயலியில் அன்றைய நிகழ்ச்சி, சாப்பாட்டு நேரம் பார்க்கப் பொதுவாகக் காசு கட்ட வேண்டியதில்லை.

மறுநாள் பிற்பகல் பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து வெளியே வந்தால் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்குக் கட்டிய மணிக்கூண்டு. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா. ஒரு போன் கடையில் சிம் விலை கேட்டேன். கடைக்காரத் தம்பி முதலில் கேட்டது, “பாஸ்போர்ட் கையில இருக்காண்ணே?” மலேசியாவில் சிம் பதிவுக்கு அது வேண்டும். சில கப்பல்களில் பயணிகளின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதால், ஆசையாக இறங்கி வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்களாம். “சாயங்காலமே கப்பல் ஏறப்போறீங்க. இ-சிம் போடுற போனா இருந்தா, அதையே வச்சுக்குங்கண்ணே,” என்றார். விற்பனையை விட்டுக்கொடுத்துச் சொன்ன யோசனை. இ-சிம் நிறுவ இணையம் வேண்டும் என்பதால், அதை வீட்டு வைஃபையிலேயே முடித்துவிட வேண்டும்.

பினாங்கில் இறங்கியிருந்த நேரத்தில்தான் வங்கி வேலைகளையும் முடித்தேன். ஏரோபிளேன் மோடில் ஓடிபி வராது. கரையில் இந்திய சிம்மை டேட்டா ரோமிங் அணைத்தபடி திறந்தால் குறுஞ்செய்தி வந்துசேர்கிறது. அடுத்த ஊருக்கான வரைபடத்தையும் அங்கேயே இறக்கிக்கொண்டேன்; இருக்கும் இடத்தைக் காட்ட ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை.

அடுத்து ஃபூகெட். தாய்லாந்துக் கோபுரத்தைப் பிடித்ததும் போனின் கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போகும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், படோங் கடற்கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகைத் தவறவிட அது போதும். இறங்குவதற்கு முன் கப்பலின் அறிவிப்புத் தாளில் எந்த நேரம் என்று பார்த்து, போனில் தானியங்கி நேரத்தை அணைத்து, கப்பல் நேரத்தைக் கையால் வைத்துக்கொண்டேன்.