கல்லுக்குள் கடல்

கடல்நீர்த் தொட்டி அமைக்க விரும்புகிறவர்கள் மீன்களைப் பற்றிக் கனவு காண்பார்கள். ஆனால் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது கல். 200 லிட்டர் கொள்ளும் பவளத் தொட்டி ஒன்றை வீட்டுக் கூடத்தில் வைக்கலாம் என்று முடிவுசெய்தபின், நாங்கள் இருவரும் மூன்று மாதங்கள் கல்லைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

நன்னீர்த் தொட்டியில் கல் பெரும்பாலும் அலங்காரம்தான். பவளத் தொட்டியிலோ அதுவே சுத்திகரிப்பு நிலையம். மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய நஞ்சு. கல்லின் மேற்பரப்பில், பிராணவாயு தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நீர் மெல்ல ஊறிச் செல்லும் உட்துளைகளில் பிராணவாயு குறைவு. அங்கே குடியிருக்கும் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடுகிறது. ஆகவே கல்லின் மதிப்பு அதன் துளைகளில்தான் இருக்கிறது. கையில் எடுத்ததும் பருமனுக்கு ஒவ்வாத இலேசு தெரிந்தால் அது நல்ல கல்.

இந்தத் துளைகளை உயிர்களோடு சேர்த்தே கடலிலிருந்து எடுத்துவருவது பழைய வழி. இந்தோனேசியாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த கற்களையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே பவளங்களை வளர்த்த தம் முறையை 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். பின்னர் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். ‘லைவ் ராக்’ என்ற பெயரில் அது உலக வணிகமாயிற்று. பெயர்தான் உயிர்க்கல், உண்மையில் அது இறந்த பவளங்களின் எலும்புக்கூடு. அதன்மேல் ஊதாநிறப் பாசியும் கடற்பஞ்சுகளும் புழுக்களும், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்களும் குடியேறியிருக்கும். பிஜித் தீவுகளிலிருந்து பெட்டி பெட்டியாக அது விமானமேறியது. 2017 இறுதியில் அந்நாட்டு அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா அதற்கு முன்பே, 1990களில், கடலில் கல் பெயர்ப்பதை நிறுத்தியிருந்தது. அங்கே நிலத்தில் வெட்டிய சுண்ணக்கல்லைக் குத்தகைக் கடற்படுகையில் இட்டு, உயிர்கள் ஏறியபின் எடுத்து விற்கிறார்கள்.

இந்தியாவில் கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்குள்ள அதே இடம். ஆயினும் ஒரு கடையில், குரலைத் தாழ்த்தி, “நம்ம பக்கத்துக் கல்லே இருக்கு சார், ரெண்டு நாள்ல கொண்டாந்துடலாம்” என்றார்கள். எங்களுள் ஒருவருக்கு அக்கணம் சபலம் தட்டியதென்னவோ உண்மை. சட்டம் கிடக்கட்டும், இருபது கிலோ கல்லால் கடல் குறைந்துவிடுமா என்ற கேள்வி அன்றிரவு வீட்டில் நீண்ட நேரம் நின்றது.

பதில் மற்றவரின் ஊரிலிருந்து வந்தது. தூத்துக்குடிப் பக்கம். பவளத்திட்டைப் பார் என்று அழைக்கும் கரை அது. அங்கே பல தலைமுறைகளாகப் பாரை உடைத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள். பிறகு ஆலைகளும் கேட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அத்தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. அலையைத் தாங்கி நின்ற பாரை வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தாத்தா வீட்டுச் சுவரின் வெண்மையிலும் அந்தப் பாரின் பங்கு இருந்திருக்கக்கூடும். உடைத்தவர் ஒவ்வொருவரும் தம் தோணி கொள்ளுமளவே எடுத்திருப்பார்.

எனவே உலர்கல்லைத் தேர்ந்தோம். அதிலும் இரண்டு வகை. கடல் விலகிப்போன நிலத்தில் வெட்டியெடுக்கும் பழம்பவளக் கல் ஒன்று. சிமெண்டிலும் பீங்கானிலும் வார்த்த கல் மற்றொன்று. முன்னதில் சிலவேளை பாஸ்பேட் தங்கியிருந்து பிற்பாடு நீரில் கசிந்து பாசியைப் பெருக்கும். பின்னது சிமெண்டாக இருந்தால் அதன் காரம் அடங்கப் பல வாரங்கள் நன்னீரில் ஊறவேண்டும். நாங்கள் துளை மிகுந்த பீங்கான் கல்லை வாங்கினோம். லிட்டருக்கு 120 கிராம் என்பது பழைய கணக்கு. துளை மிகுதியாதலால் அதற்கும் குறைவாகவே போதுமானதாயிற்று. மணலைக் குடையும் உயிர்கள் கல்லைச் சரித்துவிடாதிருக்க, முதலில் கல்லைக் கண்ணாடித் தளத்தில் அமர்த்தி, அதன்பின் மணலைப் பரப்பினோம்.

பிறகு காத்திருந்தோம். கடலில் எடுத்த கல் பல ஆண்டுகளின் குடியேற்றத்தைச் சுமந்து வருகிறது. அதை வாங்குகிறவர் கடலின் காலத்தையும் சேர்த்தே வாங்குகிறார். வெற்றுக்கல்லுக்கு அந்தக் காலத்தை நாம்தான் கொடுக்கவேண்டும். புட்டியில் வந்த பாக்டீரியாவை ஊற்றி, துளித்துளியாக அம்மோனியா இட்டு, வாரந்தோறும் நீரைச் சோதித்தோம். கல்லின்மேல் முதலில் பழுப்புப் படலம் படர்ந்தது, அடுத்துப் பச்சை. வந்தவர்களெல்லாம் மீன் எங்கே என்று கேட்டார்கள்.

மன்னார் வளைகுடாவில் சுருங்கிவரும் வான் தீவைக் காக்க, 2015 முதல் துளையிட்ட சிமெண்ட் கட்டுமானங்களைக் கடலடியில் இறக்கியிருக்கிறார்கள். அவற்றின்மீது பவளங்கள் ஒட்டி வளரத் தொடங்கியுள்ளன. உடைத்தெடுத்த இடத்தில் மனிதன் வார்த்த கல்லையும் கடல் ஏற்றுக்கொள்கிறது, அவகாசம் மட்டும் கேட்கிறது.

எங்கள் தொட்டியில் எட்டாம் மாதம், கல்லின் நிழல்பக்கத்தில் மிளகளவு ஊதாப்புள்ளி ஒன்று தென்பட்டது. சுண்ணாம்பைத் தன் உடலில் சேர்க்கும் அந்தப் பாசி, வேறொரு நண்பரின் தொட்டியிலிருந்து வந்த நத்தையின் ஓட்டில் ஒட்டி வந்திருக்க வேண்டும். இப்போது அதைப் போல் பதினொன்று இருக்கின்றன.