சத்தம் போடாத கடன்காரர்



கடன்பட்ட வீட்டில் முதலில் எதில் கை வைக்கப்படுகிறது என்று நினைக்கிறீர்கள்? சோற்றுப் பானையில் அல்ல. சோறு குறைந்தால் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகும் அன்பளிப்பிலும் அல்ல; ஊர் பேசுமே! பிள்ளைகளின் படிப்பில்தான். இந்த மாதம் ரியூஷன் வேண்டாம், சப்பாத்து அடுத்த தவணைக்கு வாங்கலாம், பழைய கொப்பியில் மிச்சப் பக்கம் இருக்கிறதுதானே என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். பிள்ளை வாசலில் வந்து நின்று சத்தம் போடாது. தவணை கேட்டு டெலிபோன் எடுக்காது. அதனால்தான் அதன் பங்கு கடைசிக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டுக் கணக்கை உங்கள் முன் விரிப்பதற்குக் காரணம் இதுதான்.

எனது கணவருக்குக் கண்டிப் பக்கத்தில் சிறியதொரு புடவைக் கடை. வருடத்தின் வியாபாரத்தில் பெரும் பகுதி நோன்புப் பெருநாளை நம்பியே நடக்கும். 2020 இலும் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடம் பெருநாளுக்கென்று சாமான் எடுத்திருந்தார். இந்த வியாபாரம் எப்படி நடக்கிறதென்று தெரிந்த சகோதரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. கையில் காசு கொடுப்பதில்லை. பின்திகதி இட்ட செக் கொடுப்பது. பெருநாள் விற்பனையில் காசு வந்ததும் செக் மாறும். அந்த வருடம் மார்ச் 20 ஆந் திகதி ஊரடங்குச் சட்டம் வந்தது. நோன்பு முழுவதும் கடைக் கதவு மூடியே கிடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெருநாள் உடுப்புகள் பெட்டி உடைக்கப்படாமல் அடுக்கியபடியே இருந்தன. செக்குகளின் திகதி மட்டும் ஊரடங்கைப் பார்த்து நிற்கவில்லை.

புறக்கோட்டைக்கு 420,000. கடை வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் எனது நான்கு வளையல்களை வங்கியில் அடகு வைத்ததில் 210,000. எனது நானாவிடம் கைமாற்றாக வாங்கியது 150,000. மொத்தம் 780,000 ரூபாய். அப்போது மூத்த மகள் பத்தாம் ஆண்டு, மகன் நான்காம் ஆண்டு, சின்னவள் அந்த வருடம்தான் முதலாம் ஆண்டுக்குச் சேர்ந்திருந்தாள்.

முதலில் செய்தது ஒரு கொப்பி போட்டதுதான். அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம், கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்வதற்காக இறங்கியது என்பதை நாமெல்லாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் சொந்த நானாவிடம் வாங்கிய காசை எழுதினால் அவர் மனம் நோகுமோ என்று தயங்குபவர்கள்தான் அதிகம். நான் எழுதி, நானாவிடமே கையெழுத்து வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். மதினியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் கவனித்தேன்.

கொப்பியின் முதல் வரியில் புறக்கோட்டையையும் எழுதவில்லை, வங்கியையும் எழுதவில்லை. 'பாடசாலை' என்று எழுதினேன். அரசாங்கம் பாடப்புத்தகம் தருகிறது, சீருடைத் துணி தருகிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் துணி தைக்கக் கூலி, சப்பாத்து, கொப்பி, வேன் காசு, மேலதிக வகுப்பு எல்லாம் நம் தலையில்தான். மாதம் எவ்வளவு ஆகும் என்று கூட்டி அந்த வரியை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் மற்றக் கடன்காரருக்குப் பிரித்தேன்.

"சின்னப் புள்ளைகள்ட காதில ஏன் இதெல்லாம் போடுறீங்க?" என்று மாமி கேட்டார். அவர் காலத்தில் கடன் பெரியவர்களின் இரகசியம். ஆனால் வீட்டில் பேச்சுக் குறைந்தாலே பிள்ளைகள் கண்டுபிடித்து விடுகிறார்கள். தெரியாமல் பயப்படுவதை விடத் தெரிந்துகொண்டு கணக்குப் பார்ப்பது மேல் என்று எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை இஷாவுக்குப் பிறகு கொப்பியைத் திறப்போம். முதல் நாள் மகன் மிக அக்கறையாக, "உம்மா, ஏழு லட்சத்து எண்பதாயிரத்துக்கு எத்தன கொப்பி வாங்கலாம்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்துவிட்டோம். மூத்தவள் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, "விஞ்ஞான வகுப்ப நான் நிப்பாட்டுறேன் உம்மா, வீட்டிலேயே படிச்சிக்கலாம்" என்றாள். அந்தக் காசைக் கழித்து மொத்தத்தைப் பென்சிலால் கூட்டியும் வைத்திருந்தாள். நான் அழிறப்பரை எடுத்து அழித்தேன். அதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. மகனுக்கு மட்டும் ரியூஷன் வேண்டாம், தாத்தா சொல்லிக் கொடுக்கட்டும் என்று முடிவானது. 2022 ஜனவரியில் நடந்த புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்தன. வகுப்புக்கு அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. இருக்கலாம்.

புறக்கோட்டை விஷயத்தை எனது கணவர் பார்த்துக்கொண்டார். செக் திரும்பிய பிறகு போய் நிற்பதும், திகதிக்கு முன்னரே போய் நிற்பதும் ஒன்றல்ல. ஊரடங்கு தளர்ந்ததும் மூன்று முதலாளிமாரிடமும் நேரில் போனார். பெட்டி உடைக்காத சாமானைத் திருப்பி எடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆனால் பெரிய செக்குகளைத் திருப்பித் தந்துவிட்டு, மாதம் 2,500 ரூபாய் வீதம் சிறிய செக்குகளாக வாங்கிக்கொள்ள மூவரும் இணங்கினார்கள். கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுப்பது பற்றி மார்க்கம் சொல்வதை அவர்கள் மறக்கவில்லை. அல்லாஹ் அவர்களுக்குப் பரக்கத் செய்யட்டும்.

நான் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். விற்காத துணியில் முகக்கவசம், பிறகு பாடசாலைச் சீருடை, அபாயா. அதில் வந்த காசில் 2021 ஜனவரியில் ஒரு சீட்டில் சேர்ந்தேன். 20 பெண்கள், மாதம் 5,000 ரூபாய், குலுக்கிப் போடும் சீட்டு. கழிவும் இல்லை, வட்டியும் இல்லை. என் நிலைமை தெரிந்து நாலாவது சீட்டை விட்டுத் தந்தார்கள். வளையல்களை இரண்டிரண்டாக, இரண்டு அடகுத் துண்டுகளில் வைத்திருந்தது அப்போதுதான் கைகொடுத்தது. ஒரே துண்டாக இருந்தால் முழுத் தொகையும் சேரும் வரை காத்திருக்க வேண்டும். நகையை அடகு வைக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. வந்தால் பிரித்து வையுங்கள். ஒரு துண்டு மீண்டது, அந்த அளவுக்கு வட்டியும் நின்றது. எதை முதலில் அடைப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வளரும் கடனை முதலில்.

அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கைக்கும் குழுக்கடன் கொடுப்பவர்கள் வந்தார்கள். ஒரு லட்சம், வருடத்துக்கு 24 வீதம், மாதம் 10,333 கட்டினால் போதும் என்றார்கள். வணிகக் கல்வி படிக்கும் மூத்தவள் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். மாதாமாதம் முதலும்தானே குறைகிறது, கடைசி மாதத்திலும் முழு ஒரு லட்சத்துக்கும் ஏன் வட்டி? கைவசம் உண்மையில் இருக்கும் காசுக்குக் கணக்குப் போட்டால் அது 24 அல்ல, 41 வீதத்துக்கும் மேல். மார்க்கத்தை விட்டுப் பார்த்தாலும் நட்டம். 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஜுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போவதாகச் சொல்லியிருந்தார். இதில் இன்னொன்றும் உண்டு. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனதை நான் கண்ணால் கண்டேன்.

2022 ஐ நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். மூத்தவள் சாதாரண தரம் எழுதியது அந்த மே மாதத்தில். கொப்பியின் முதல் வரி மட்டும் இரண்டு மடங்காகியது. ரூபாயின் பெறுமதி விழுந்ததால் தங்கத்தின் விலையும் 2020 இல் இருந்ததை விட ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது.

மீட்ட இரண்டு வளையல்களையும் விற்றுவிட்டால் புறக்கோட்டைக் கடன் முழுவதும் முடிந்துவிடும் என்று ஞாயிறு இரவில் நான்தான் சொன்னேன். மாமி அழுதுவிட்டார். "குமருக்குப் போட வெச்ச நகை அது. அத வித்துப்போட்டு அவளப் படிக்கவா வெக்கப் போறீங்க?" கேள்வி நியாயமில்லாதது அல்ல. எங்கள் ஊரில் பெண் கேட்டு வருபவர் முதலில் பார்ப்பது கையைத்தான், கொப்பியை அல்ல. கணவர் ஒன்றும் பேசவில்லை. மகள்தான் மாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மத்த ரெண்டும் பேங்க்ல இருக்கே உம்மும்மா, அத மீட்டு உங்கட கையிலயே தாரோம்" என்றாள்.

ஜூன் மாதம் 330,000 ரூபாவுக்கு விற்றோம். புறக்கோட்டைக்கு மிச்சமிருந்த 240,000 ஐக் கணவர் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்தார். மீதியோடு தையல் காசையும் சேர்த்து இரண்டாவது துண்டையும் மீட்டோம். அந்த இரண்டு வளையல்களும் இன்றும் மாமியின் பெட்டியில் இருக்கின்றன. மகள் உயர் தரத்தில் வணிகப் பிரிவுக்குச் சேர்ந்தாள்.

நானாவின் கடன்தான் கடைசி. வட்டியில்லை, கேட்கவும் மாட்டார். அப்படிப்பட்டவரைத்தான் மறப்பது இலகு. அதனால் ஆரம்பத்திலிருந்தே மாதம் 2,000, கை கூடிய மாதம் 5,000 என்று விடாமல் மகனிடம் கொடுத்தனுப்பினேன். ஒவ்வொரு முறையும் அவன் கொப்பியையும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவான். 2023 டிசம்பரில் கடைசித் தொகையை நானே கொண்டுபோனேன். நானா கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனி இந்தக் கொப்பிய வீசிடுங்க" என்றார். வீசவில்லை. அதில் மிச்சமிருந்த பக்கங்களில் சின்னவள் பின்னக் கணக்குச் செய்தாள்.