வெயிலில் வளரும் மது

பிரான்ஸ் தேசத்தின் தென்கரையில், தோ என்னும் உப்பங்கழியின் ஓரத்திலே மார்ஸெய்யான் என்றொரு சிற்றூர் உண்டு. மதுவென்றால் முகம் சுளிக்கும் நேயர்களும் தயங்காமல் உடன் வரலாம். நாம் பார்க்கப் போவது பீப்பாய்களைத்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் போஜனத்துக்கு முன் பசியைத் தூண்டுவதற்கென்று சிறிது பானம் அருந்துவார்கள். அதற்கு 'அபெரிதீஃப்' என்று பெயர். அவ்வகையில் பிரசித்தி பெற்ற 'நுவாயி பிராட்' வெர்மூத் இவ்வூரில் தயாராவது.

திராட்சை மது செய்கிறவர்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் அஞ்சி அதை நிலவறையில் ஒளித்து வைப்பதே வழக்கம். இங்கோ, பிக்பூல், கிளேரெத் என்னும் வெண்திராட்சைகளின் மது ஓக் மரப் பீப்பாய்களில் அடைபட்டு, திறந்த முற்றத்தில் ஓராண்டுக் காலம் வெயிலும் மழையும் கடற்காற்றும் படக் கிடக்கிறது! முற்காலத்தில் கப்பலேறி நெடுந்தூரம் சென்ற மது, நிறமும் ருசியும் மாறி வந்ததாம். அந்தச் சமுத்திர யாத்திரையைத்தான் கரையிலேயே நடத்துகிறார்கள். இதற்குள் ஒரு பங்கு ஆவியாய்ப் போய்விடும். சூரிய பகவானுக்குச் செலுத்தும் வரி போலும்! பிறகு கொத்துமல்லி விதை, ஜாதிக்காய், கசப்பு ஆரஞ்சுத் தோல், சீமைச் சாமந்தி முதலிய சரக்குகளை அதில் மூன்று வாரம் ஊறப் போட்டு, நாள்தோறும் கிளறி, வடித்தெடுக்கிறார்கள். சரக்குகளின் பெயரைக் கேட்டால் நமது நாட்டு மருந்துக் கடையின் ஞாபகந்தான் வருகிறது.

1813-ல் ஜோஸப் நுவாயி என்பவர் வகுத்த முறை இது. ஆனால் 1865 முதல் 1902 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், ஸ்தாபனத்தை நிர்வகித்தவர் ஆன் ரோஸீன் என்ற பெண்மணி. நுவாயி வீட்டில் பிறந்து பிராட் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததோ 1944-ல்தான்.