தகரக் கூரைச் சபை

எங்கள் சபைக்குக் கட்டடம் வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான்.

அதுவரை சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டு முன்னறைதான் சபை. தகரக் கூரை, இரண்டு பாய், பதினைந்து பேர். பாஸ்டர் கிடையாது. வாரம் முழுக்கப் பட்டாசுக்குத் திரி செருகிவிட்டு வரும் பெரியம்மாதான் ஜெபம் பண்ணும்.

இந்த மண்ணுக்கு அது புதுசும் இல்லை. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த தாமஸ் ராக்லண்ட், 1854 முதல் இந்தக் கரிசல் காட்டில் கூடாரத்தோடு ஊர் ஊராக அலைந்தார். 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். கோயில்கள் பிறகுதான் வந்தன.

ஒருமுறை வெடிவிபத்தில் கருகியவர் ஒருவருக்காக எங்கள் ஆட்கள் முறைவைத்து ஆஸ்பத்திரியில் ராத்தங்கினார்கள். அவர் ஒருநாளும் சபைக்கு வந்தவர் இல்லை. அதற்கப்புறம்தான் கூட்டம் பெருகியது.

அறுபது பேரானதும் நான் ரசீதுப் புத்தகம் அடித்தேன். கட்டடம், நாற்காலி, மைக், சம்பளத்துக்கு ஒரு பாஸ்டர் என்று எல்லாம் வந்தன. ஆராதனை முடிந்ததும் கடன் தவணைதான் பேச்சு.

போன வருஷம் பெரியம்மா கேட்டது: "ஏம்ப்பா, கடைசி வரிசைப் பிள்ளை மூணு வாரமா வரலையே, பாத்தியா?"

பார்க்கவில்லை. கை வெந்து வீட்டில் கிடந்திருக்கிறாள். பெரியம்மாதான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

"பாயில உக்காந்தா யாரு வரலன்னு தெரியும்ப்பா. நாற்காலியில முதுகுதான தெரியுது."

இப்போது புதன்கிழமை சாயங்காலம் முன்னறையில் மறுபடியும் பாய் விரிக்கிறோம். பதினோரு பேர் வருகிறார்கள்.

கட்டடக் கடன் இன்னும் அடையவில்லை.