நான் விட்டுவிட்டு வந்த வகுப்பு

கோப்பாயில் கல்வியியற் கல்லூரியை முடித்த எனக்கு 2012இல் முல்லைத்தீவு வலயத்தில் முதல் நியமனம் கிடைத்தது. கஷ்டப் பிரதேசத்தில் குறித்த காலம் படிப்பிப்பேன் என்று கையெழுத்து வைத்தேன். அந்தக் காலத்தை நான் முடிக்கவில்லை. அடுத்த வருடமே பொய் சொல்லி, ஆள் பிடித்து, சொந்த ஊரான அச்சுவேலிக்கு வந்து சேர்ந்தேன்.

அம்மாவுக்குப் பிறசர் இருந்தது உண்மை. ஆனால் தானே சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வருவார். அவர் படுத்த படுக்கை என்று மருத்துவச் சான்றிதழ் எடுத்தேன். அரசியல்வாதி ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்றேன். பதிலாள் இல்லாமலே விடுவிப்புக் கடிதம் வந்தது. உண்மையான காரணம் காசு. இங்கே பின்னேர ரியூசனில் நன்றாக உழைக்கலாம். முல்லைத்தீவில் நான் படிப்பித்த தகரக் கொட்டகைப் பள்ளிப் பிள்ளைகளிடம் வாங்க எதுவும் இல்லை.

நான் விட்டுவிட்டு வந்தது பதினோராந்தர வகுப்பு. போர்க்கால இடப்பெயர்விலும் மெனிக் பாம் அகதி முகாமிலும் படிப்பைத் தொலைத்த பிள்ளைகள். பின்னத்திலிருந்து தொடங்கி, ஒருங்கமை சமன்பாடு வரைக்கும் கொண்டு வந்திருந்தேன். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. கணிதம் சித்தியடையாவிட்டால் பெரும்பாலும் உயர்தரம் இல்லை. இது தெரியாமல் நான் வெளிக்கிடவில்லை.

"பதிலாள் வருமட்டுமாவது நில்லுங்கோ தம்பி," என்றார் அதிபர். அம்மாவைச் சாட்டினேன். ஒரு பிள்ளை கொப்பியோடு வந்து, "சேர், மிச்சக் கணக்கை ஆர் சொல்லித் தருவினம்?" என்று கேட்டாள். புது சேர் வருவார் என்றேன். இப்போதைக்கு எவரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். பிறகு அந்த வகுப்பை, உயர்தரம் முடித்த ஒரு தொண்டர் ஆசிரியைதான் பார்த்தாராம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆள் மிச்சம், வன்னியில் பற்றாக்குறை, இடமாற்றக் கொள்கை சரியில்லை என்று கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். தங்க இடமில்லை, பஸ் இல்லை என்பதும் பொய்யல்ல. ஆனால் என்னோடு நியமனம் பெற்ற ஒருத்தி கைக்குழந்தையோடு வாடகை அறையில் இருந்து முழுக் காலத்தையும் முடித்தாள். அவளுக்கும் இதே கொள்கைதான். 2022இல் அரசு சம்பளமற்ற லீவு கொடுத்தபோது வெளிநாடு போன ஆசிரியர்களை, பிள்ளைகளைக் கைவிட்டவர்கள் என்று ஏசினேன். நான் செய்ததை அப்போதும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. போன வருடம் அயலவர் ஒருவர், கிளிநொச்சிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கும் தன் மகளுக்கு இடமாற்றம் தேடி வந்தார். "மாஸ்டர், உங்களுக்கு ஆரையும் தெரியுமோ?" என்றார். அவள் விட்டு வரப்போகும் வகுப்பைப் பற்றி நான் ஒரு சொல் கேட்கவில்லை. அந்த அரசியல்வாதியின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு மாற்றம் கிடைத்துவிட்டது.