பௌர்ணமிக்கு மறுநாள் எடுக்கிற ரத்தம்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு வருகிறவரை, இன்னொரு நாள் வரச்சொல்லி அனுப்பிவிடுவேன். திருவண்ணாமலையில் அந்த ராத்திரி பாதி ஊர் தூங்காது. பக்தர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறார்கள். ஆட்டோக்காரர்களும் ஓட்டல்காரர்களும் விடிய விடிய வேலை பார்க்கிறார்கள். இந்த ஹார்மோனோ தூக்கத்தில் ஏறி, காலையில் உச்சத்தில் இருந்து, மாலைக்குள் இறங்குவது. சிகாகோவில் இளைஞர்களை ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்ததாக 2011இல் எழுதினார்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, வெறும் வயிற்றில், பத்து மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைவு என்று வந்தால் இன்னொரு நாள் காலையிலும் பார்க்க வேண்டும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஓர் ஆணிடம் குறை இருப்பதாகச் சொல்லிவிடக் கூடாது.

என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் நாற்பதைக் கடந்த சுகர்காரர்கள். "அசதியா இருக்கு டாக்டர், எதுலயும் மனசு ஓடல" என்பார்கள். அதற்கு மேல் வாய் வராது. கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு நானே கேட்பேன்: விடியற்காலையில் விறைப்பு வருகிறதா, குறட்டை உண்டா, தாம்பத்தியத்தில் நாட்டம் எப்படி? நாம் கேட்காவிட்டால், சுவரொட்டி பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் போய்ப் பணத்தைக் கொட்டிவிட்டு வருவார்கள்.

அடுத்தது இடுப்பில் டேப். சட்டையைத் தூக்கச் சொன்னதுமே வயிற்றை எக்குவார்கள். மூச்சை விடச் சொல்லித்தான் அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. தொப்பைக் கொழுப்பிலுள்ள அரோமடேஸ் என்சைம் டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மூளையின் பிட்யூட்டரியிலிருந்து விந்தகத்துக்குப் போகும் கட்டளையும் மந்தமாகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில், ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்வதால், மொத்த அளவு இன்னும் தாழ்ந்து தெரியும். ஹார்மோன் குறையக் குறையத் தசை கரைந்து தொப்பை கூடும், சுகரும் ஏறும். "ஆம்பளைக்கு ஈஸ்ட்ரோஜனா?" என்று திகைப்பவரிடம், தீபத்தன்று அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவதை நினைவூட்டுவேன். ஆணின் எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும்.

"ஹார்மோன் ஊசி போட்டா சரியாயிடுமா?" என்பார்கள். பிட்யூட்டரியிலோ விந்தகத்திலோ நோய் என்று உறுதியானால் போடத்தான் வேண்டும், தயங்கக் கூடாது. தொப்பையால் வந்த குறைவுக்கு நான் அவசரப்பட மாட்டேன். ஆஸ்திரேலியாவில் பருமனான ஆயிரம் ஆண்களுக்கு இரண்டாண்டு உணவு, உடற்பயிற்சித் திட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவில், ஊசியும் சேர்ந்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும், வெற்று ஊசி போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. பலன் உண்மைதான். ஆனால் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ரத்தம் அளவுக்கு மீறித் தடித்துப் போனது. அதோடு, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். குழந்தைக்குக் காத்திருப்பவருக்கு அது பெரிய இழப்பு.

எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பலருக்கு அளவு தானாக ஏறுகிறது. "மாசாமாசம் மலை சுத்துறேனே டாக்டர்" என்பவரிடம் சொல்வேன்: "சுத்துங்க. மத்த நாளும் அரை மணி நேரம் அதே ரோட்டுல வேகமா நடங்க. ராத்திரி சாப்பாட்ட எட்டு மணிக்குள்ள முடிச்சிடுங்க. மூணு மாசம் கழிச்சு, நல்லா தூங்கி எழுந்த ஒரு நாள் காலையில வாங்க, திரும்பப் பாக்கலாம்."